மில்லிக்கன் சந்தியில் எது மிஞ்சும்?

கெனடி வீதியும் ஸ்டீல்ஸ் அவெனியூவும் குறுக்கிடும் சந்தியில் சனிக்கிழமை பின்னேரம் காரை நிறுத்த இடம் பிடிப்பது பெரும்பாடு. வடகிழக்கு மூலையில் பசிஃபிக் மோல். அதைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள், கைபேசிக் கடைகள், வங்கிகள், ஓயாத வாகன வரிசை. ஸ்டீல்ஸுக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். இரண்டு மாநகரங்களிலும் ஒவ்வொரு காலை ஊன்றி நிற்கும் இந்த வட்டாரத்துக்குத்தான் மில்லிக்கன் என்று பெயர். சீனமும் தமிழும் தாராளமாகக் காதில் விழும் இடம். புதிதாக வந்து இறங்குகிறவருக்கு இது நேற்று முளைத்த ஊர் போலத்தான் தோன்றும்.

ஊருக்கு வயது இருநூறுக்கு மேல். 1807-இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய நோர்மன் மில்லிக்கனின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. அமெரிக்கப் புரட்சியின்போது பிரித்தானிய முடியின் பக்கம் நின்று, அதனாலேயே வடக்கே வந்து சேர்ந்த விசுவாசிகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்த குடும்பம் அது. அவர்களும் ஒரு போரினால் இடம்பெயர்ந்தவர்கள்தாம் என்பதை இங்குள்ள தமிழர்கள் கவனிக்க வேண்டும். சந்தியைச் சுற்றி எழுந்த சிற்றூரை மில்லிக்கன்ஸ் கோர்னர்ஸ் என்று அழைத்தார்கள். 1871-இல் ரொறன்ரோ நிப்பிசிங் ரயில் பாதை இந்த வழியாகத் திறக்கப்பட்டது. காலை வேளையில் யூனியன் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கோ ரயில் இன்றைக்கும் அந்தத் தடத்தில்தான் போகிறது.

அந்தப் பழைய ஊரில் கண்ணுக்குத் தெரிய மிஞ்சியது சொற்பம். ஸ்டீல்ஸ் வழியே சற்றுக் கிழக்கே போனால், 1870களில் மெதடிஸ்த சபையினர் கட்டிய எபனேசர் தேவாலயம் நிற்கிறது. 1925-இல் மெதடிஸ்தர்களும் வேறு சபைகளும் ஒன்றிணைந்து கனடா ஐக்கிய சபை உருவானபோது அதுவும் ஐக்கிய தேவாலயம் ஆனது. சுற்றிலும் கோதுமை வயல் இருந்த காலத்தில் கட்டிய கோயில் அது. இன்று அதன் வாசலில் பஸ்ஸும் லொறியும் இரைகின்றன. நாளாந்தம் அதைக் கடந்துபோகிறவர்களில் எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள்?

சந்தியில் பழையது மட்டுமா மறைந்தது? 1983-இல் களஞ்சியங்களின் சாயலில் எழுந்த கலன் கன்றி பார்ன்ஸ் வளாகம் ஒரு காலத்தில் இந்த மூலையின் அடையாளம். அது போய் 1990களில் பசிஃபிக் மோல் வந்தது. அதன் பக்கத்தில் இருந்த மார்க்கெற் வில்லேஜ், ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்களின் முதல் தலைமுறைக் கடைகளும் உணவகங்களும் கூடிய இடம். 2018-இல் அதையும் இடித்தார்கள். பெரிய புதிய வணிக வளாகம் வரும் என்று சொல்லித்தான் இடித்தார்கள். இடித்த பிறகு ஆண்டுக்கணக்காக அந்த நிலம் வெறுமையாகவே கிடந்தது. முப்பது ஆண்டுகூட நிறையாத ஒரு கட்டடத்தை மரபுரிமை என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சமூகம் புது நாட்டில் முதன்முதலாகக் கடை போட்டு, கலியாணப் பேச்சு பேசி, புத்தாண்டு கொண்டாடிய இடம் அது. அந்தச் சமூகத்தின் கனடிய வரலாறு அங்கேதான் தொடங்கியது. ஐம்பது ஆண்டு கழித்து யாராவது அந்த வரலாற்றை எழுத வந்தால், கையால் தொட்டுப் பார்க்க அவருக்கு எதுவும் இருக்காது.

இந்த மண்ணுக்கு மில்லிக்கன் குடும்பத்துக்கும் முந்திய வரலாறு ஒன்று உண்டு. அது ஒருமுறை இயந்திரத்தின் வாயிலேயே அகப்பட்டது.

1956 ஓகஸ்ட். ஸ்காபரோ அப்போது வேகமாக வீடுகள் எழுந்துகொண்டிருந்த நகரியம். லோரன்ஸ் அவெனியூவுக்கும் பெல்லமி வீதிக்கும் அருகே ரேபர் ஹில் என்ற மேட்டை வெட்டி மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணோடு மனித எலும்புகள் வந்தன. வேலையை நிறுத்திவிட்டு ஆய்வாளர்களை அழைத்தார்கள். ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஈரோக்குவா வழி மக்கள் அமைத்த கூட்டுப் புதைகுழி அது என்று தெரியவந்தது. அந்த மக்கள் ஓர் ஊரில் சில பத்தாண்டுகள் வாழ்ந்துவிட்டு, மண் வளம் குன்றியதும் வேறிடம் பெயர்வார்கள். பெயர்வதற்கு முன் அதுவரை இறந்தவர்களின் எலும்புகளையெல்லாம் எடுத்து, பெருவிழா எடுத்து, ஒரே குழியில் சேர்த்துப் புதைப்பார்கள். ரேபர் ஹில்லில் அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேர்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். எலும்புகள் அருங்காட்சியகப் பெட்டிகளுக்குள் போய்விடவில்லை. அந்த ஆண்டே ஈரோக்குவா மூத்தோர் வந்து மூதாதையருக்குரிய சடங்கைச் செய்ய, எலும்புகள் மீண்டும் அதே மேட்டில் புதைக்கப்பட்டன. மேட்டை வீட்டுமனை ஆக்காமல் விட்டார்கள். இன்றைக்கும் சாதாரண வீடுகளுக்கு நடுவே புல் மூடிய அந்த மேடு அப்படியே இருக்கிறது. உச்சியில் ஒரு பெரிய கல், கல்லில் பதித்த தகடு. மில்லிக்கனிலிருந்து காரில் போக அதிக நேரம் ஆகாது. ஸ்காபரோவில் முப்பது ஆண்டு வாழ்ந்தும் அந்தத் தகட்டைப் படிக்காதவர்கள் ஏராளம். ஒரு மாவீரர் துயிலும் இல்லத்தை இயந்திரத்தால் உழுதால் நெஞ்சு எப்படிப் பதறும் என்று அறிந்த ஒரு சமூகம், அந்த மேட்டுக்கு ஒருமுறையாவது போய் வர வேண்டும்.

ரேபர் ஹில் தப்பியதற்கு அன்று சட்டம் காரணமல்ல. வேலையை நிறுத்தச் சொன்னவர்களின் மனச்சாட்சியும், தங்கள் முன்னோருக்காகக் குரல் கொடுத்தவர்களின் உறுதியுமே காரணம். ஒன்ராறியோ மரபுரிமைச் சட்டம் வந்ததே 1975-இல்தான். வந்த பிறகும் அது நெடுங்காலம் பல் இல்லாத சட்டமாகத்தான் இருந்தது: உரிமையாளர் இடித்தே தீருவேன் என்றால், நகரசபையால் சில மாதங்கள் தள்ளிப்போட முடியும், அவ்வளவுதான். இடிப்பதை அடியோடு மறுக்கும் அதிகாரம் 2005-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகே நகரசபைகளின் கைக்கு வந்தது.

சட்டம் இல்லாத அந்த இடைக்காலத்தில் ரொறன்ரோ இழந்தவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்காபரோவின் ஏரிக்கரைப் பாறைகளுக்கு மேலே உள்ள கில்ட் பூங்காவுக்குப் போகலாம். ஸ்பென்சர் கிளார்க், ரோசா கிளார்க் என்ற தம்பதி 1932-இல் அங்கே கலைஞர்களுக்கென ஒரு குடியிருப்பைத் தொடங்கினார்கள். 1950களிலிருந்து நகர மையத்தில் பழைய வங்கிகளும் அலுவலகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டபோது, இருவரும் சொந்தப் பணத்தில் அவற்றின் தூண்களையும் வளைவுகளையும் சிற்பக் கற்களையும் வாங்கி லொறிகளில் ஏற்றி அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கிங் வீதியும் பே வீதியும் சந்திக்கும் மூலையில் இருந்த பாங்க் ஒஃப் ரொறன்ரோ தலைமையகம் 1966-இல் தரைமட்டமானது. அதன் இடத்தில் இன்று நிற்பது ரீ.டி. சென்ரரின் கறுப்புக் கோபுரங்கள். வங்கியின் பளிங்குத் தூண்களோ 1980களின் தொடக்கத்தில் கில்ட் பூங்காவின் புல்வெளியில் ஒரு கிரேக்க அரங்கமாக எழுந்தன. கூரை இல்லை. தூண்களின் தலைப்பில் செதுக்கிய இலைகள் ஒவ்வொன்றும் கூர்மை மாறாமல் இருக்கின்றன. கோடையில் அந்தத் தூண்களுக்கு முன் நாடகம் போடுகிறார்கள். கலியாணப் புகைப்படம் எடுக்கத் தமிழ் மணமக்களும் பட்டும் மாலையுமாக வந்து நிற்கிறார்கள். அழகான இடம்தான். ஆயினும் அது ஒரு நகரம் தன் கையாலேயே உடைத்துப்போட்டவற்றின் மிச்சம் என்பதை மறக்கக்கூடாது.

அதே 1960களில் பழைய நகர மண்டபத்துக்கும் அந்தக் கதி வரவிருந்தது. ஈற்றன் நிறுவனத்தின் வணிக வளாகத் திட்டத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் போர் நினைவுச் சின்னத்தையும் தவிர மற்றதெல்லாம் போவதாக இருந்தது. பொதுமக்கள் திரண்டு எதிர்த்ததால் 1899-இல் திறந்த அந்தக் கட்டடம் தப்பியது.

மில்லிக்கனுக்கு இன்னும் நெருங்கிய பாடம் யூனியன்வில்லில் இருக்கிறது. கெனடி வீதியில் வடக்கே போனால் சில நிமிட ஓட்டம். 1841-இல் எழுந்த யூனியன் மில்ஸ் என்ற மாவாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. வாகனங்கள் பெருகியபோது அதன் பிரதான வீதியை அகலமாக்கிப் பெருந்தெரு ஆக்கத் திட்டம் போட்டார்கள். இரு மருங்கிலும் இருந்த மரவீடுகளும் கடைகளும் போயிருக்கும். ஊரார் விடவில்லை. வரலாற்றுச் சங்கம் அமைத்தார்கள், ஆண்டுதோறும் திருவிழா நடத்தினார்கள், சபைக் கூட்டங்களுக்குப் போய்ப் பேசினார்கள். கடைசியில் கெனடி வீதியை ஊரைச் சுற்றி விலக்கிக் கொண்டுபோனார்கள். இன்று அந்தப் பழைய வீதி கோடை வார இறுதிகளில் நிரம்பி வழிகிறது. ஐஸ்கிரீம் கடைக்கு வரிசை, உணவகங்களில் இடமில்லை, குளத்தங்கரையில் குடும்பங்கள். பழையதைக் காப்பாற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்று வாதிடுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்று பார்க்கலாம்.

மார்க்கம் இன்னொன்றும் செய்தது. இருந்த இடத்திலேயே காப்பாற்ற வழியில்லாத பழைய வீடுகளைப் பெயர்த்து எடுத்துவந்து வைப்பதற்கென்றே மார்க்கம் ஹெரிற்றேஜ் எஸ்ரேற்ஸ் என்ற குடியிருப்பை 1980களில் உருவாக்கியது. மனையைச் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் பழைய வீட்டைக் கொண்டுவந்து அதன் வெளித்தோற்றத்தை முறைப்படி மீட்டெடுக்க வேண்டும். உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. வீடு அதன் மண்ணைவிட்டுப் பிரிவது நட்டம்தான். குப்பைமேட்டுக்குப் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

வீட்டு வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட நகரத்தில், இளையோர் பெற்றோரின் நிலவறையிலேயே காலம் தள்ளும் நாளில், பழைய கட்டடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பது நியாயமா என்ற கேள்வி எழும். நேர்மையான கேள்வி. மில்லிக்கனுக்கும் புதிய மாடிக் குடியிருப்புகள் தேவை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவை எழுவது நல்லதே. ஆனால் நிலத்தட்டுப்பாட்டுக்குப் பழைய தேவாலயமும் பண்ணை வீடும் காரணமல்ல. கார் நிறுத்துவதற்காகவே தார் போட்டு மூடிய பரந்த வெளிகள் இதே சந்தியைச் சுற்றிலும் கிடக்கின்றன. மார்க்கெற் வில்லேஜை இடித்ததால் ஒரு குடும்பத்துக்காவது உடனே வீடு கிடைத்ததா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டுவதையும் காப்பதையும் சேர்த்துத் திட்டமிட முடியும். ஸ்ரோவிலுக்கு அருகே வீட்டுமனைகளுக்காகக் கிளறிய நிலத்தில், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஹூரோன் வென்டாற் மக்களின் பேரூர் ஒன்று வெளிப்பட்டது. 2003 முதல் 2005 வரை அகழ்ந்து, தொண்ணூறுக்கு மேற்பட்ட நீள்மனைகளின் தடயங்களைப் பதிவு செய்தார்கள். ஐரோப்பியர் இந்தப் பக்கம் கால் வைப்பதற்கு முன்பே வணிகத்தின் வழியாக வந்து சேர்ந்த ஓர் இரும்புக் கோடரித் துண்டும் கிடைத்தது. பிறகு வீடுகளும் எழுந்தன. முதலில் தோண்டிப் பார்க்காமல் இயந்திரத்தை இறக்கியிருந்தால் அப்படி ஓர் ஊர் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

மரபுரிமை போவதென்றால் என்ன என்பதைத் தமிழர்களுக்கு எவரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள், பழைய இதழ்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, காவல்துறையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் வைத்த தீ. அந்த நூலகத்தின் பிறப்பை நினைத்தால் இழப்பு இன்னும் கனக்கும். 1933-இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டில் சிறிதாகத் தொடங்கி வைத்தது அது. மறு ஆண்டு வாடகைக் கட்டடம் ஒன்றில் 844 நூல்களோடு பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஊரார் காசு சேர்த்து, இந்தியாவிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மனையும் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனையும் அழைத்து ஆலோசனை கேட்டு, 1959-இல் புதிய கட்டடத்தைத் திறந்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒவ்வொரு புத்தகமாகச் சேர்ந்தது ஓரிரவில் சாம்பலானது. பின்னாளில் கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. வேறு படி இல்லாத சுவடியை எவராலும் எழுப்ப முடியவில்லை.

இந்த இடத்தில் போலந்தின் வார்சாவைப் பார்ப்பது பயன் தரும். 1944-இல் நாஜிப் படைகள் அதன் பழைய நகரத்தைத் திட்டமிட்டு அழித்தன. போருக்குப் பின் மக்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். கட்டடக் கலை மாணவர்கள் போருக்கு முன்பே வீடு வீடாக அளந்து வரைந்து வைத்த படங்களும், 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் பெலோற்றோவின் நகரக் காட்சிகளும் கைகொடுத்தன. 1980-இல் யுனெஸ்கோ அந்த மீட்டெடுத்த நகரத்தையே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பதிவு தப்பியதால் நகரம் திரும்பி வந்தது.

எரிந்த நூலகத்தின் பாடத்தை உள்வாங்கியவர்கள் செய்த காரியம்தான் 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் விழா மலர்களையும் மின்வருடி, உலகின் எந்த மூலையிலிருந்தும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். மில்லிக்கனுக்குத் தெற்கே, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகமும் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கிறது, ஈழத்தமிழ் அரசியல் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் ஆவணத் தொகுப்பு அங்கே இருக்கிறது. அதே வளாகத்தில் தமிழ் இருக்கை அமையவும் மக்கள் கொடை திரட்டித் தந்தார்கள். ஒரு தீயில் எல்லாம் போகாதபடி இனி பல இடங்களில் படி இருக்கும்.

ஊரில் விட்டுவந்தவற்றுக்காக இவ்வளவு செய்த சமூகம், கனடாவில் தான் கடந்துவந்த வழியைக் காப்பதில் இன்னும் அந்த அளவுக்கு அக்கறை காட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். 1986 ஓகஸ்ட் 11-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களைக் கஸ் டோல்ற்றன் என்ற மீனவக் கப்பல் தலைவர் மீட்டெடுத்தார். ரொறன்ரோவுக்கு வந்தவர்களில் பலர் முதலில் சென்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிகளில் ஒரே வீட்டில் நாலைந்து குடும்பமாக ஒண்டியிருந்தார்கள். பிறகு ஸ்காபரோ, பிறகு மார்க்கம். முதல் பலசரக்குக் கடை, முதல் தமிழ்ப் பத்திரிகை அச்சடித்த அறை, வாடகை மண்டபத்தில் முதலில் விளக்கேற்றிய கோயில், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த நிலவறை: இவை எங்கே இருந்தன என்று சொல்லக்கூடிய பெற்றோருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஒன்ராறியோ 2014 முதல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரித்திருக்கிறது. மேடையில் பரதமும் பொங்கலும் நடக்கட்டும். கூடவே ஒவ்வோர் ஆண்டும் இந்த முகவரிகளில் நாலைந்தையாவது குறித்துவைத்தால் அந்தத் திங்களுக்கு இன்னும் பொருள் கூடும்.

சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு கட்டடத்தைப் பாதுகாக்க அது பழையதாகவும் அழகாகவும் இருந்தே ஆகவேண்டும் என்று ஒன்ராறியோ விதி சொல்லவில்லை. ஒரு சமூகத்தின் வரலாற்றோடு அதற்குள்ள தொடர்பும், அந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள அது உதவும் தன்மையும் அளவுகோல்களில் சேரும். மொத்தம் ஒன்பது அளவுகோல்கள். குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்.

நெருக்கடியான செய்தி ஒன்று உண்டு. நகரசபைகளின் மரபுரிமைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இடம்பெற்று, முழுப் பாதுகாப்பு இன்னும் பெறாத கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பெயர் இருப்பதன் பயன், இடிக்க நினைக்கும் உரிமையாளர் 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பதுதான். 2022-இல் மாகாண அரசு கொண்டுவந்த மாற்றம் இந்தப் பெயர்களுக்குக் கெடு வைத்தது. அந்தக் கெடுவைப் பிறகு ஒருமுறை நீட்டினார்கள். 2022 முடிவில் பதிவேட்டில் இருந்தவற்றில் முழுப் பாதுகாப்புக்கான நடவடிக்கை எடுக்கப்படாதவை 2027 ஜனவரி 1-ஆம் தேதி பட்டியலிலிருந்து விழுந்துவிடும். விழுந்தால் ஐந்து ஆண்டுக்குத் திரும்பச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆய்வு அறிக்கை எழுத நகரசபைகளிடம் போதிய ஆள் இல்லை. எதை முதலில் காப்பது என்று அவர்கள் தெரிவு செய்தாக வேண்டும். கேட்கிறவர்களின் தெருதான் முதலில் கவனிக்கப்படும்.

ஆகவே மில்லிக்கன்வாசிகள் கேட்க வேண்டும். ஸ்டீல்ஸுக்குத் தெற்கே வாழ்கிறவர்கள் ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கும்படி ரொறன்ரோ மாநகரின் மரபுரிமைத் திட்டப் பிரிவுக்கு நேரடியாகவே பரிந்துரைக்கலாம். வடக்கே வாழ்கிறவர்களுக்கு ஹெரிற்றேஜ் மார்க்கம் குழு இருக்கிறது. அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. உங்கள் தொகுதியின் நகரசபை உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் தெருவில் எந்தக் கட்டடம், எதனால் முக்கியம் என்று இரண்டு பத்தியில் சொன்னால் போதும். வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய கடைப் படம், கோயில் அழைப்பிதழ், நின்றுபோன பத்திரிகையின் பிரதி எதையும் குப்பையில் போடாமல் பல்கலைக்கழக நூலகத்திடமோ நூலகம் நிறுவனத்திடமோ கேட்டுப் பாருங்கள். 2027 ஜனவரிக்கு முன் எழுதுங்கள்.